பொட்டு வைக்க ஒரு வட்டம்

போன வருட ஆயுத பூஜையன்று எங்கள் கம்பெனியில் நான் பாடினேன். பாடினேன் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். பல்லவி முடிந்து சரணத்துக்குள் நுழையும்போது வாடகை மைக் செட் செத்துப்போனது. முன்னால் இருந்த பத்துப் பேருக்குத்தான் என் குரல் கேட்டது. அவர்களுக்குப் பின்னால் பிளான்ட் முழுக்கக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்த கூட்டம், நான் வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. விடாமல் பாடி முடித்தேன். பாவம் பார்த்துக் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த என் கணவரிடம் வீட்டுக்கு வந்து கேட்டேன்.

“உண்மையச் சொல்லவா, சும்மா சொல்லவா?” என்றார்.

“உண்மையச் சொல்லுங்க.”

“ஒண்ணுமே கேக்கல. ஆனா புடவை நல்லா இருந்துச்சு.”

அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன். அடுத்த வருடம் இதே மேடை, இதே கூட்டம், சொந்த மைக் செட். கடைசி வரிசைக்குக் கேட்கவேண்டும். கேட்டே ஆகவேண்டும்.

நான் சிவகங்கைப் பக்கத்துக்காரி. ஓசூரில் கியர் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஒன்பது வருடமாகத் தர ஆய்வாளர். சரியில்லாத பாகத்தைக் கண்டுபிடித்து, சிவப்பு அட்டை கட்டி, ஒதுக்கி வைப்பதுதான் வேலை. அட்டையில் என்ன குறை, எப்போது கண்டது, யார் பார்த்தது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். ஒன்பது வருடம் இதையே செய்தால் புத்தி அப்படியே ஆகிவிடும் போலிருக்கிறது. வீட்டுக்கு ஒரு குக்கர் வந்தால்கூட, தரையில் பிளாஸ்டிக் ஷீட் விரித்து, ஆறு பக்கமும் போட்டோ எடுத்துவிட்டுத்தான் உள்ளே கொண்டுபோவேன். கல்யாணத்துக்கு முன்னால் தன்னையும் இப்படித்தான் சுற்றிப் பார்த்திருப்பேன் என்று என் கணவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கூட வேலை பார்க்கும் ஒருவர் வீட்டுக் காதுகுத்து விசேஷத்தில்தான் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் இரண்டும் ஒன்றாக இருந்த பெட்டி. என்ன தெளிவு! தெருமுனையில் நின்றவருக்குக்கூட ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்டது. பின்னால் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் பெரிய கம்பெனிப் பெயர் எதுவும் இல்லை. மூக்கண்டப்பள்ளியில் ஒரு ஷெட்டில் செய்கிறார்கள் என்றார்கள். இருபது நிமிடத்தில் போய்விடக்கூடிய தூரத்தில் இப்படி ஒரு சாமான் செய்கிறார்களா என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த மாதமே ஒன்று சொல்லி வைத்து வாங்கிவிட்டேன்.

பெட்டி வந்த நாள் வெள்ளிக்கிழமை. வழக்கம்போல ஷீட், போட்டோ எல்லாம் முடிந்தது. புதுச் சாமானுக்குப் பொட்டு வைக்காமல் சுவிட்ச் போடுவது எங்கள் வீட்டில் கிடையாது. சந்தனம் குழைத்து, குங்குமம் வைத்து, சூடம் காட்டி, பிறகுதான் மைக்கைக் கையில் எடுத்தேன். முதல் சொல்லிலேயே பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள். என் குரல்தானா இது என்று எனக்கே சந்தேகம் வந்தது. அன்றிலிருந்து தினமும் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் அரை மணி நேரம் பயிற்சி. மத்திகிரியில் எங்கள் தெருவில் அந்தப் பாட்டைப் பாடத் தெரியாதவர்கள் அப்போது யாருமே இல்லை.

ஆயுத பூஜைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது அது ஆரம்பித்தது. சத்தத்தைக் கூட்டுவதற்கு முன்பக்கம் நடுவில் ஒரு நீளமான வெட்டு, அதில் மேலும் கீழும் தள்ளுகிற ஒரு ஸ்லைடர். அதைத் தள்ளினால் கரகரவென்று ஓசை. இன்னும் கொஞ்சம் தள்ளினால் குரல் காணாமல் போகிறது. கீழே இழுத்தால் திரும்பி வருகிறது. மறுபடி போகிறது. நான் சரணத்துக்குள் நுழையும்போது சரியாகப் போனது. போன வருடம் போன அதே இடம்!

எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. பையிலிருந்து ஒரு சிவப்பு அட்டையை எடுத்து, “குறை: சத்தம் விட்டு விட்டு வருகிறது. நிலை: நிராகரிக்கப்பட்டது” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, பெட்டியின் கைப்பிடியில் கட்டிவிட்டேன்.

“இது வீடு,” என்றார் என் கணவர்.

“தெரியும்.”

“அட்டை கம்பெனியோடது.”

“அதுவும் தெரியும்,” என்று சொல்லிவிட்டு, வாரண்டி அட்டையில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன்.

ஒரு பெண் எடுத்தார். நல்ல கனிவான குரல். என்ன விஷயம் என்று கேட்டுவிட்டு, “ஒரு நிமிஷம் இருங்க மேடம், சர்வீஸ் டிபார்ட்மெண்ட்டுக்குத் தர்றேன்” என்றார். பின்னால் யாரோ எதையோ சுத்தியலால் தட்டினார்கள். ஒரு குக்கர் விசில் அடித்தது. பிறகு, “வணக்கம், சர்வீஸ் டிபார்ட்மெண்ட்” என்று கொஞ்சம் கறாரான குரல் வந்தது. அதே பெண்தான். நான் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அவரும் புதிதாகக் கேட்பதுபோலவே உச்சுக் கொட்டிக் கேட்டார்.

“பெரிய டெக்னீசியன் பாத்துதான் சொல்லணும் மேடம். நாளைக்குக் கொண்டாங்க.”

“பெரிய டெக்னீசியன் யாரு?”

கறார் குரல் ஒரு நொடி தயங்கியது. “எங்க வீட்டுக்காரரு,” என்றது.

மறுநாள் ஷிஃப்ட் முடிந்ததும் ஸ்கூட்டியில் கால் வைக்கும் இடத்தில் பெட்டியை நிறுத்தி, இரண்டு முழங்காலாலும் இடுக்கிக்கொண்டு கிளம்பினேன். சிவப்பு அட்டை காற்றில் படபடவென்று அடித்தபடி வந்தது. வழியெல்லாம் செவ்வந்தி மூட்டை ஏற்றிய ஆட்டோக்கள் என்னை முந்திப் போயின. பூஜை நெருங்குகிறது என்று அவை வேறு எனக்கு நினைவுபடுத்த வேண்டுமா! என்னென்ன கேட்கவேண்டும் என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். செய்யும்போது சோதித்தீர்களா, யார் சோதித்தது, எந்தக் கருவியில் சோதித்தது?

ஷெட் சின்னது. நீளமான ஒரு மேசை, அதில் மூன்று பெண்கள் ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். மூலையில் அடுப்பு, குக்கர். சுவரில் ஆஞ்சநேயர் படம், அதற்குப் புதுத் துளசி மாலை. முதலாளி ஐம்பது வயதுக்காரர். ஓசூர் பக்கத்து கிராமத்துக்காரர், வீட்டில் தெலுங்கு. கைப்பிடியில் தொங்கிய சிவப்பு அட்டையைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

“என்னாம்மா இது, ரெட் கார்டு கட்டிக்கினு வந்திருக்கீங்க?”

“குறை இருந்தா கட்டுவோம்ல சார்.”

“நானும் இருவது வருஷம் கம்பெனியில டூல் ரூம்ல இருந்தவந்தான். இந்தக் கார்டைப் பாத்தா இன்னிக்கும் தன்னால எந்திரிச்சு நின்னுடுறேன். முதல்ல அவுருங்கம்மா, லேபர்ஸ் பாக்குறாங்க.”

“குறையைச் சரி பண்ணுங்க, நானே அவுக்குறேன்.”

போனில் இரண்டு குரலில் பேசியவர் மேசைக் கோடியிலிருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அந்தம்மாவின் மூக்குக்கண்ணாடி நெற்றியில் ஏறி இருந்தது, கையில் சால்டரிங் அயர்ன். ஒரு ஸ்டூலை என் பக்கம் காலால் தள்ளிவிட்டார்.

முதலாளி முன்தகட்டைக் கழற்றினார். ஸ்லைடரை வெளியே எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தார். பிறகு தலைகீழாகக் கவிழ்த்து ஒரு வெள்ளைத் தாளில் தட்டினார். சிவப்பாகக் கொஞ்சம் பொடி விழுந்தது. கூடவே காய்ந்துபோன சந்தனத் துணுக்குகள். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“குங்குமம்!” என்றார். “பொட்டு வெச்சிருக்கீங்க, உள்ள கொட்டிப்போச்சு. பாருங்க, வாரண்டி கார்டுல தெளிவா போட்டிருக்கோம். தண்ணி, பூச்சி, பொடி உள்ள போனா வாரண்டி கெடையாது.”

எனக்குக் காது சூடாகிவிட்டது. நான் வைத்த பொட்டா? நானா? ஒன்பது வருடம் அடுத்தவர் குறையைக் கண்டுபிடித்தவள் நான். சட்டென்று போனை எடுத்தேன். பெட்டி வந்த அன்று எடுத்த ஆறு போட்டோக்களில் முன்பக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். பெட்டி அப்போதுதான் அட்டைப் பெட்டிக்குள்ளிருந்து வெளியே வந்திருக்கிறது. சுற்றியிருந்த தெர்மோகோல்கூடப் பக்கத்திலேயே கிடக்கிறது. ஸ்லைடர் வெட்டின் மேல் முனையில், சரியாக நடுவில், சின்னதாக ஒரு ஆரஞ்சு நிறப் பொட்டு.

“எங்க வீட்டுக் குங்குமம் அரக்குச் சிவப்பு சார். இது செந்தூரம். எங்க வீட்டுல செந்தூரமே இல்ல. இது யாரு வெச்சது?”

மேசையில் இருந்த மூன்று பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, பிறகு மூன்று பேருமாக அந்தம்மாவைப் பார்த்தார்கள். அந்தம்மா மெதுவாக ஆஞ்சநேயர் படத்தைப் பார்த்தார். படத்துக்குக் கீழே ஒரு கிண்ணத்தில் செந்தூரம்.

“நல்லபடியா போய்ச் சேரட்டும்னு நாந்தான் ஒவ்வொண்ணுக்கும் வெச்சு அனுப்புறேன்,” என்றார்.

“வித்த எல்லாத்துக்குமா?” என்றார் முதலாளி. அவருக்கே அது தெரியாது போலிருக்கிறது.

“எல்லாத்துக்கும்.”

ஜெயித்துவிட்டேன்! அந்தச் சந்தோஷத்தில் என் விரல் போனில் இன்னொரு போட்டோவைத் தள்ளிவிட்டது. அது என் கணவர் எடுத்தது. நான் கற்பூரத் தட்டோடு சிரித்துக்கொண்டு நிற்கிறேன். பெட்டியில் அதே இடத்தில், அந்தச் சின்ன ஆரஞ்சுப் பொட்டை முழுக்க மறைத்துக்கொண்டு, கட்டைவிரல் அகலத்துக்கு என் அரக்குச் சிவப்புப் பொட்டு. சந்தனம் வெட்டுக்குள் வழிந்து இறங்குவதுகூட அந்தப் போட்டோவில் தெரிந்தது. போனை மூடுவதற்குள் அந்தம்மா எட்டிப் பார்த்துவிட்டார்.

“ஏம்மா,” என்றார், “நா வெச்சது கடுகளவு. நீங்க வெச்சது வடையளவு.”

முதலில் அந்த மூன்று பெண்கள்தான் சிரித்தார்கள். பிறகு அந்தம்மா. முதலாளி ரொம்ப நேரம் அடக்கிப் பார்த்து, முடியாமல் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது, ஆனால் சிரிப்பும் வந்துவிட்டது. பொய் சொல்லிப் பயனில்லை. தாளில் விழுந்த பொடியில் இரண்டு நிறமும் இருந்தது. என் நிறம்தான் அதிகம்.

சிரித்து முடித்ததும் முதலாளி பழைய கம்பெனி ஆளாக மாறிவிட்டார். ஒரு அட்டைப் பெட்டியைக் கிழித்துப் பின்பக்கத்தைத் திருப்பி, பேனாவை என்னிடம் நீட்டினார். “யார் தப்புன்றத வுடுங்க. ஏன் ஏன்னு அஞ்சு தடவ கேட்டு எழுதுங்க.” குறை வந்தால் எங்கள் தொழிற்சாலையிலும் இப்படித்தான் எழுத வைப்பார்கள். ஆளுக்கொரு ஏனைச் சொன்னோம். ஏன் சத்தம் விட்டுப் போனது? ஸ்லைடருக்குள் பொடி. ஏன் பொடி போனது? வெட்டு மூடாமல் திறந்திருக்கிறது. ஏன் அந்த இடத்தில் பொடி வந்தது? அங்கேதான் பொட்டு வைத்தோம். ஏன் இரண்டு பேருமே, ஒருவருக்கொருவர் தெரியாமல், சரியாக அதே இடத்தில் வைத்தோம்?

அந்தக் கேள்விக்கு எல்லோரும் பெட்டியைத் திரும்பிப் பார்த்தோம். நான் முன்தகட்டைப் பழையபடி பெட்டியில் பொருத்தி, மேசை மேல் நிறுத்தி, நாலு அடி பின்னால் போய்ப் பார்த்தேன். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வட்டத் திருகு பொத்தான்கள். நடுவில் நேராக இறங்கும் வெட்டு. அதற்குக் கீழே அகலமாக ஸ்பீக்கர் வலை.

“சார்!” என்று கத்தியேவிட்டேன். “இது முகம் சார்! ரெண்டு கண்ணு, மூக்கு, வாய். அந்த மூக்குக்கு மேல நெத்தி. நெத்தியைப் பாத்தா யாரு சார் பொட்டு வைக்காம இருப்பாங்க?”

அவர் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்று பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். “அட தேவுடா,” என்றார். “மூணு வருஷமா செய்றேன். இது என்னையே பாத்துக்கினு இருந்திருக்கு, எனக்குத் தெரியல.”

இத்தனை வருட வேலையில் ஒரு குறையின் வேரைக் கண்டுபிடித்ததற்காக நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. எங்கள் பிளான்ட்டில் கண்டுபிடித்தால் ஒரு அறிக்கையோடு முடிந்துவிடும். இங்கே ஆறு பேரும் ஒரே நேரத்தில் பேசினோம். வெட்டுக்கு உள்ளே மெல்லிய கம்பளித் துண்டு ஒட்டலாம் என்றார் ஒரு பெண். பொட்டே வைக்கவேண்டாம் என்று ஸ்டிக்கர் ஒட்டலாம் என்றார் முதலாளி. அந்தம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். வைக்காதே என்றால் யார் கேட்பார்கள்? நானே கேட்கமாட்டேன். அப்போதுதான் எனக்குத் தோன்றியது. எங்கள் தொழிற்சாலையில் ஒரு சாமானை எங்கே வைக்கக்கூடாது என்று எழுதமாட்டோம். எங்கே வைக்கவேண்டுமோ அங்கே தரையில் மஞ்சள் கோடு போடுவோம்.

“வைக்கிறதுக்குன்னு ஒரு எடம் குடுத்துருங்க சார். பெட்டி மேல, ஓட்டையே இல்லாத எடத்துல, ஒரு வட்டம்.”

முதலாளி உடனே எழுந்தார். பெயிண்ட் டப்பாவைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

புது ஸ்லைடர் அவரிடம் கையிருப்பு இல்லை. அதற்காக மறுநாள் காலையிலேயே பஸ் ஏறி பெங்களூருக்குப் போனார். முதல் கடையில் இல்லை. இரண்டாவது கடையில் அளவு வேறு. எனக்குத் தெரியவேண்டும் என்று ஒவ்வொரு கடையிலிருந்தும் போட்டோ அனுப்பினார். நான் ஆய்வு மேசையில் கியரைக் கையில் வைத்துக்கொண்டு, இந்தக் கால் நீளம், அந்தத் தலை பெரிது என்று பதில் அனுப்பிக்கொண்டிருந்தேன். நாலாவது கடையில் கிடைத்ததும் கட்டைவிரல் படமாக எட்டு அனுப்பினார். பூஜைக்கு இரண்டு நாள் முன்பு பெட்டி திரும்பி வந்தது. வாரண்டியில்தான். கைப்பிடியில் பச்சை அட்டை, அதில் அவர் கையெழுத்து. பெட்டியின் தலையில், பளபளவென்று மஞ்சள் பெயிண்டில், ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வட்டம். இனி செய்கிற எல்லாப் பெட்டியிலும் அது இருக்கும் என்றார்.

கூடவே வந்த அந்தம்மா ஒன்று கேட்டார். “மேடையில எப்பிடி பாடுதுன்னு ஒரு தபா பாக்கணும்மா. வெளியாளுங்கள உள்ள வுடுவாங்களா?”

வருடத்தில் அந்த ஒரு நாள்தான் குடும்பத்தைப் பிளான்ட்டுக்குள் விடுவார்கள். குடும்பத்தை மட்டும்தான். பாஸ் எழுதும் தாளில் உறவு என்று ஒரு கட்டம் இருக்கிறது. நான் கொஞ்சமும் யோசிக்காமல் சித்தப்பா, சித்தி என்று எழுதிக் கொடுத்தேன். தப்பான தகவலுக்குக் கையெழுத்துப் போட்டது என் வேலையில் அதுதான் முதல் தடவை.

ஆயுத பூஜையன்று பிளான்ட் முழுக்கச் செவ்வந்தியும் எலுமிச்சம்பழமும் சாம்பிராணியுமாக இருந்தது. லேத், பிரஸ், ஃபோர்க்லிஃப்ட், கம்ப்யூட்டர், முதலுதவிப் பெட்டி எல்லாவற்றிலும் பொட்டு. என் கணவர் சொன்னபடியே கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் என் புதுச் சித்தப்பாவும் சித்தியும். சித்தி மடியில் ஒரு கைப்பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். என்ன என்று முன்னாலேயே கேட்டிருந்தேன். சால்டரிங் அயர்ன், ஈயக் கம்பி, இன்னொரு ஸ்லைடர். கேட்டில் செக்யூரிட்டி இது என்னவென்று கேட்டதற்கு, பெண்ணுக்குத் தேவைப்படும் என்று சொல்லிவிட்டு வந்தாராம்.

என் பெயரைக் கூப்பிட்டதும் மேடை ஏறினேன். போன வருடம் நின்ற அதே இடம். மைக்கைக் கையில் எடுத்து, கண்ணை மூடப் போனேன். அப்போதுதான் பார்த்தேன். மெயின்டனன்ஸ் அண்ணன் சந்தனக் கிண்ணத்தோடு மேடையோரமாக வருகிறார். காலையிலிருந்து அவர் கையில் தப்பிய சாமான் ஒன்றும் இல்லை. என் பெட்டி ஒன்றுதான் பாக்கி. குனிந்தார். மூன்று விரலிலும் வழியவழியச் சந்தனம். அந்த முகத்தைப் பார்த்தார். கை நேராக அதன் நெற்றிக்குப் போனது.

“அண்ணே! அங்க வேணாம்! மேல, மேல, வட்டத்துல வைங்க!”

மைக் வாய்க்குப் பக்கத்திலேயே இருந்தது. பிளான்ட்டின் தகரக் கூரை வரைக்கும் போய் எதிரொலித்தது என் கூச்சல். மெயின்டனன்ஸ் அண்ணன் சிலையாக நின்றுவிட்டார். பிறகு பெட்டியின் தலையைத் தடவிப் பார்த்து, மஞ்சள் வட்டத்தைக் கண்டுபிடித்து, அதற்குள் கோணாமல் பொட்டு வைத்தார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. கடைசி வரிசையும் சிரித்தது! என் கணவர் எழுந்து நின்று, இரண்டு காதையும் தொட்டுக் காட்டி, கேட்கிறது, கேட்கிறது என்று கையை ஆட்டினார்.

அந்தச் சிரிப்போடு என் பயமும் போய்விட்டது. பல்லவியைப் பிடித்தேன். ஸ்லைடரைப் பக்கத்தில் இருந்தவர் மெல்ல மேலே தள்ளினார். ஒரு கரகரப்பு இல்லை. சரணம் வந்தது. என் கண் தானாகக் கடைசி வரிசைக்குப் போனது. சித்தப்பா யாருக்கும் தெரியாமல் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். சித்தி என்னைப் பார்க்கவே இல்லை. அவர் கண்ணெல்லாம் பெட்டி மேல், கை கைப்பையின் ஜிப் மேல். எங்கே விட்டுப் போகுமோ என்று அவர் காத்திருந்தது எனக்கு மேடையிலிருந்தே தெரிந்தது. போன வருடம் என் குரல் போன அந்த வரியைப் பாடினேன். அடுத்த வரியைப் பாடினேன். சித்தியின் கை ஜிப்பை விட்டு எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டது. பாட்டு முடிகிற வரைக்கும் அவர் அந்தப் பையைத் திறக்கவே இல்லை.